மணல் காய்கிற வேகம்

மார்ச் 3
கண்ணாடிக் குழாயில் 20 செ.மீ. உயரத்துக்கு ஈர மணலை நிரப்பித் தராசின் மேல் வைத்துவிட்டேன். அடி மூடியிருக்கிறது, மேல்வாய் மட்டும் திறப்பு. மேற்பரப்பில் ஒரு வெப்பமானி முனை. தண்ணீரில் கொஞ்சம் நீலச் சாயம் கலந்திருக்கிறேன். தண்ணீர் போய்விடும், சாயம் தங்கிவிடும். எங்கே ஆவியாகிறதோ அங்கே நீலம் சேரும். மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது.

மார்ச் 4
மணல் காயும் வேகத்தைக் கணிக்க நான் எழுதிய கணினி மாதிரியும் மணலும் ஒத்துப்போகவில்லை. மாதிரிப்படி மேல்மணல் உடனே காய்ந்து, ஈரம் உள்ளே இறங்க, ஆவி வெளியே வரும் தூரம் கூடிக்கொண்டே போகிறது. சில மணி நேரத்திலேயே வேகம் பாதியாக வேண்டும். தராசோ நேற்றிலிருந்து மணிக்கு 0.6 கிராம் என்றே காட்டுகிறது. நீலமும் மேலேதான் சேர்கிறது.

மார்ச் 5
நிரலில் பிழை தேடியே நாள் போனது. பிழை எதுவும் இல்லை.

மார்ச் 6
பிடிபட்டது! எல்லாத் துளைகளையும் ஒரே அளவில் வைத்ததுதான் தவறு. அடியில் இணைந்த இரண்டு நுண்புழைகளை, அதாவது மிக மெல்லிய குழாய்களை, எடுத்துக்கொள்வோம். ஒன்றின் ஆரம் 0.1 மி.மீ., மற்றதன் ஆரம் 0.05. பரப்பு இழுவிசையால் முதலாவது சுமார் 15 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கும், இரண்டாவது 30. அதனால் அகலமானதில் மட்டம் 15 செ.மீ. இறங்கும்வரை குறுகலானது வாய்வரை நிறைந்தே இருக்கும். தான் இழந்ததை அகலமானதிலிருந்து உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்ளும். மணலுக்குள் நடப்பதும் இதுதான்: பெரிய துளைகள் காலியாகின்றன, சிறியவை மேற்பரப்புக்குத் தண்ணீர் சுமக்கின்றன.

மணல் வழியே நீர் ஓடும் விதியைப் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856இல் எழுதினார். முழுதாக நனையாத மண்ணுக்கு இயற்பியலாளர் ரிச்சர்ட்ஸ் அதை 1931இல் நீட்டினார். இரவு அந்தச் சமன்பாட்டுக்கு மாறினேன். முழுக்க நனைந்த மணலின் மட்டம் 10 செ.மீ. இறங்கும்வரைதான் ஈரம் மேற்பரப்பைத் தொடர்ந்து எட்டும், அதன் பிறகு வேகம் விழும் என்கிறது.

மார்ச் 7
காலையில் 0.4, மாலையில் 0.3. விழுந்துவிட்டது! அளவுகோலைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். முழுக்க நனைந்த கருத்த மணல் 9 செ.மீ. ஆழத்தில் தொடங்குகிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 9
இன்னொரு குறை இருந்தது. முதல் நான்கு நாள் வேகம் மாறாது என்பதைப் புது மாதிரி சரியாகச் சொன்னது, ஆனால் அந்த வேகத்தை 0.9 என்றது. வெப்பமானிப் பதிவைப் பிரித்தேன். அறை 25 டிகிரி, மணலின் மேற்பரப்பு 22. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,440 ஜூல் வேண்டும். அதை மணலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வெறும் 3 டிகிரிதானே என்று விடக்கூடாது. பரப்பில் தெவிட்டிய ஆவியழுத்தம், அதாவது அந்த வெப்பநிலையில் நீராவி எட்டக்கூடிய உச்ச அழுத்தம், 3.17 கிலோபாஸ்கலிலிருந்து 2.64க்கு இறங்குகிறது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதம், அதாவது காற்றில் ஏற்கெனவே 1.58 இருக்கிறது. ஆவியை வெளியே தள்ளும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது. வெப்பக் கணக்கையும் சேர்த்து ஓட்டினேன்: 0.6.

அப்புறம் குழாயை மேலிருந்து பார்த்தேன். நீலம் சீராகப் படியவில்லை, திட்டுத்திட்டாக இருக்கிறது. நுண்மணல் கூடிய இடங்களில் அடர்த்தி அதிகம். மேலும் கீழும் மட்டுமே தெரிந்த என் மாதிரியில் இந்தத் திட்டுகளுக்கு இடமே இல்லை. பக்கவாட்டையும் சேர்த்து, துளைகளை வலைப்பின்னலாக நாளை எழுதத் தொடங்குகிறேன்.