தொலைவை அறைக்குள் அளத்தல்

பெங்களூருவில் ஆன்டெனா சோதனைப் பணியில் இருக்கும் எனக்கு, ஆன்டெனாவின் அருகிலிருந்தே அளக்கும் அண்மைப்புல அளவீட்டைப் போல நிறைவு தரும் வேலை வேறில்லை. 1 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாவை 10 கிகாஹெர்ட்ஸில் நேரடியாகச் சோதிக்க, விட்டத்தின் வர்க்கத்தை இரட்டித்து அலைநீளமான 3 சென்டிமீட்டரால் வகுக்கும் விதிப்படி, ஏறக்குறைய 67 மீட்டர் தடையற்ற வெளி வேண்டும். ஒயிட்ஃபீல்டு நெருக்கடியில் அது எளிதில் கிடைப்பதில்லை. மாறாக, அலைகளை உறிஞ்சும் நுரைக்கூம்புகள் பதித்த அறைக்குள், ஆன்டெனாவின் அருகிலேயே மின்காந்தப் புலத்தின் வீச்சையும் (அலையின் வலிமை) கட்டத்தையும் (அலைச் சுழற்சியில் அது இருக்கும் நிலை) புள்ளி புள்ளியாக அளந்தால், தொலைவில் அது எவ்வாறு கதிர்வீசும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம்.

ஒரே திசையை நோக்கும் தட்டையான ஆன்டெனாக்களுக்குச் ஆன்டெனாவின் முன்னே ஒரு தட்டையான பரப்பில் அளக்கும் சமதள வருடலும், அந்த அளவுகளைத் திசைவாரியான அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்றம் என்ற கணக்குமுறையும் போதும். வளைந்த உடலில் படிந்து பல பக்கமும் கதிர்வீசும் முப்பரிமாண ஆன்டெனாக்களுக்கோ, கணக்கு கடினமானாலும் கோளப் பரப்பில் அளப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. சமதளத்தின் விளிம்புக்கு வெளியே தப்பிவிடும் ஆற்றலும் கோளப் பரப்பில் பிடிபடும், தாங்கும் கம்பம் மறைக்கும் பகுதி ஒன்றைத் தவிர.

அதே 10 கிகாஹெர்ட்ஸில், புலத்தை அளக்கும் உணரியான ஆய்வுமுனை அலை செல்லும் திசையில் 0.3 மில்லிமீட்டர் விலகினாலே கட்டம் 3.6 பாகை பிழைபடும். கேபிள் வளைவதும், அறையின் வெப்பநிலை மாறுவதும் அதே பிழையைத் தரக்கூடும் என்பதால், அளவீட்டின் நடுவே தொடக்கப் புள்ளிக்குத் திரும்பி மறுபடி அளந்து ஒப்பிடுவதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.