300 ரூபாய் ஆட்டோவும் இலவசக் கோட்டையும்

வேலூர்க் கோட்டைக்கு எப்படிப் போவது, எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காலையில் கொடுத்த ஆட்டோக் காசு இன்னும் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருப்பதால், முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

சென்னையிலிருந்து காலை ரயிலில் நானும் அம்மாவும் காட்பாடியில் வந்து இறங்கினோம். நிலையத்தின் வாசலில் நின்றிருந்த ஆட்டோக்காரர் எங்கள் கைப்பையையும் அம்மாவின் மெதுவான நடையையும் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ கேட்டார். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நாள்தோறும் வந்து இறங்கும் நோயாளிக் குடும்பங்களில் எங்களையும் சேர்த்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தமிழில் பதில் சொன்னதும் அவருக்கு ஒரு கணம் சுருதி இறங்கியது, ஆனால் கட்டணம் இறங்கவில்லை. கோட்டைக்கு 350 ரூபாய் கேட்டார். பேரம் பேசி, அம்மாவின் முழங்காலை நினைத்து, 300 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். ஏறி உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாகாயம் என்று பலகை மாட்டிய நகரப் பேருந்து ஒன்று பாதி இருக்கைகள் காலியாக எங்களைத் தாண்டிப் போனது. அது கோட்டை வழியாகத்தான் போகிறதா என்று கேட்டதற்கு ஆட்டோக்காரர் பதிலே சொல்லாமல் ஒலிப்பானை அழுத்தினார். அந்த மௌனத்திலிருந்தே விடை கிடைத்துவிட்டது.

பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கீழே மணலும் முட்புதரும்தான் தெரிந்தன. வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் வழக்கு ஒன்று உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், அதிகாரமில்லாத போலீஸ். பெண்களைப் பற்றியும் ஒன்று சேர்த்துச் சொல்வார்கள். அது வெறும் வாய்க்கொழுப்பு என்பதால் விட்டுவிடுகிறேன். குடியாத்தத்துக்காரியான என் அம்மா அந்த வழக்கை ஆட்டோவிலேயே ஒப்பித்துக்கொண்டு வந்தார்.

கோட்டை ஊருக்கு நடுவில் இருக்கிறது என்று படித்திருந்தாலும், நேரில் பார்க்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. பேருந்துகளின் இரைச்சலும் பழக்கடைகளும் மருந்துக் கடைகளும் நெருக்கியடிக்கும் சாலை சட்டென்று ஒரு பக்கம் திறந்துகொள்ள, அகன்ற அகழியில் பச்சை நிறத் தண்ணீரும் அதன் மேல் கருங்கல் மதிலும் எழுந்து நிற்கின்றன. ஆற்றில் இல்லாத நீர் அகழியில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசுக்குக் கீழே இருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் கட்டப்பட்ட கோட்டை இது. பரப்பு 133 ஏக்கர். மதில் ஒன்றல்ல, இரண்டு. வெளி மதில் தாழ்ந்தும் உள் மதில் உயர்ந்தும் இருப்பதால், முதல் சுவரை ஏறி வந்தவன் இரண்டாவது சுவரிலிருந்து வரும் குண்டுக்கு நேராகத்தான் வந்து நிற்க வேண்டும். கற்களின் இணைப்பில் விரல் நகத்தை நுழைக்கப் பார்த்தேன், பல இடங்களில் முடியவில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. 300 ரூபாய் இழந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத்தான் அம்மா வந்திருந்தார். பள்ளியில் படிக்கும்போது, 1974 வாக்கில், அவரை இங்கே சுற்றுலா அழைத்து வந்திருக்கிறார்கள். அப்போது கருவறையில் சாமி இல்லை. பல தலைமுறைகளாகப் பூசை இல்லாமல் கிடந்து, இடையில் வெள்ளைக்காரர்களின் ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்ட கோயில் அது. “வவ்வால் நாத்தம்டா, உள்ள போகவே பயந்தோம். டீச்சர் வெளியவே நிக்க வெச்சு, தூணை மட்டும் பாருங்கன்னு சொல்லிட்டாங்க” என்றார். 1981ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டு வந்து வைத்த பிறகுதான் இது மறுபடியும் கோயிலானது. கருவறையில் தீபாராதனையைப் பார்த்துவிட்டு அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பழைய வழக்கில் இனி ஒரு வரியை அடித்துவிடலாம்.

நான் மயங்கியது கல்யாண மண்டபத்தில்தான், இதைச் சற்று விரிவாகவே எழுதப்போகிறேன். ஏழு நிலைக் கோபுரத்தைக் கடந்ததும் இடப்பக்கம் இருக்கும் இந்த மண்டபத்தின் முன்வரிசைத் தூண்களில் யாளிகளும் குதிரைகளும் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கின்றன. அவற்றின் மேல் வீரர்கள், கீழே மிதிபடாமல் நிற்கும் காலாட்கள், கடிவாளம், சேணத்தின் மணிகள், வீரனின் கொண்டைமுடி என்று கல்லில் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு குதிரையின் வயிற்றுக்கடியில் குனிந்து பார்த்தேன். யாரும் பார்க்கப்போகாத அந்த இடத்திலும் சேணத்தை இறுக்கும் வாரைச் செதுக்கி வைத்திருக்கிறான் சிற்பி. விதானத்தில் தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டியவன், அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவன். ஒரு பாதியைக் கையால் மூடினால் காளை, மறு பாதியை மூடினால் யானை. அவனுக்குப் பத்து ரூபாய் கொடுத்தேன்; அன்றைக்கு மனநிறைவோடு கொடுத்த ஒரே காசு அதுதான். இந்த மண்டபத்தைக் கழற்றிக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்ததாக ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, தூண்களைப் பார்த்தால் அந்த ஆசையைப் புரிந்துகொள்ள முடிகிறது.

கோயிலைவிட்டு வெளியே வந்ததும் எனக்கு எரிச்சல் தொடங்கியது. இந்த மதில்களுக்குள்தான் 1806ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவு ஒரு காரணம். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் இன்னொரு காரணம். ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ 130 பேர் கொல்லப்பட்டார்கள், மைசூர்க் கொடி மேலேறியது. தகவல் ஆற்காட்டுக்கு எட்டியதும் ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து, கயிற்றைப் பற்றி மதிலேறி, பீரங்கியால் கதவைத் தகர்த்து, காலை முடிவதற்குள் கோட்டையை மீட்டார். அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 51 ஆண்டுகள் முன்பே நடந்த இந்த எழுச்சிக்கு மக்கான் சந்திப்பில் தூண் இருக்கிறது, அஞ்சல்தலையும் வந்திருக்கிறது. ஆனால் எந்தச் சுவரோரம் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள் என்று சொல்லும் பலகை நான் நடந்த வழியில் என் கண்ணில் படவில்லை. இரண்டு பேரிடம் கேட்டேன். இருவரும் கழிப்பறைக்கு வழி காட்டினார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் கண்டி மகால் என்ற மாளிகையும் அப்படித்தான். இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வழியில் வந்தவர், 1815இல் பிடிபட்டு இந்தக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு 1832இல் இங்கேயே இறந்தார். ஒரு நாட்டின் கடைசி அரசர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த முற்றத்தைப் பார்க்கத்தான் நான் ஆசைப்பட்டேன். வெளியே நின்று பூட்டைத்தான் பார்த்தேன்.

அந்த எரிச்சலை ஆற்றியது சாப்பாடு. மருத்துவமனைப் பக்கத்துத் தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகளோடு மீனும் சோறும் போடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எண்ணெய் வாசனையே கல்கத்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். அம்மா சைவம் என்பதால் ஒரு சிறிய மெஸ்ஸில் நுழைந்தோம். அளவில்லாச் சாப்பாடு 120 ரூபாய். அன்றைக்கு இந்தப் பக்கத்து முள்ளுக் கத்திரிக்காயில் எண்ணெய்க் குழம்பு. புவிசார் குறியீடு பெற்ற காய் என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதலில் தெரிந்தது, காம்போடு முழுசாக வெந்தும் குழையாமல் நாக்கில் பட்டதும் வெண்ணெயாகக் கரைந்ததுதான். நான் மூன்று முறை குழம்பு கேட்டேன், பரிமாறியவர் நான்காவது முறை கேட்காமலே ஊற்றினார்.

வெயில் தாழ்ந்ததும் மதிலோரம் உட்கார்ந்திருந்தோம். பாலாற்றங்கரையில் இருக்கும் கண்டி மன்னரின் நினைவிடமான முத்து மண்டபத்துக்குப் போகலாம் என்று ஆட்டோ விசாரித்தேன். 200 ரூபாய் என்றார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். காட்பாடிக்கு இருவருக்குமான கட்டணத்தை அவரே சுருக்குப்பையிலிருந்த சில்லறையில் எண்ணிக் கொடுத்தார். நோட்டைத் தொடவே இல்லை.