ரசாயன அபாயப் பாடத்தை நான் படித்த விதம்

மலேசியாவில், பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக (கிடங்கு எழுத்தராக) இருந்துகொண்டேதான் பாதுகாப்பு, சுகாதார அதிகாரி தேர்வுக்குப் படித்தேன். மொத்தம் நான்கு தாள். சட்டப் பகுதியை எப்படியோ மனப்பாடம் செய்துவிட்டேன். ரசாயன அபாயங்களைத் தொழிலாளர்களுக்குத் தெரியப்படுத்துவது பற்றிய பகுதிதான் எத்தனை தடவை வாசித்தாலும் நிற்கவில்லை. இதே இடத்தில் திணறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு ரசாயன விதிமுறைகள் ரசாயனத்தை விற்பவருக்கு. வகைப்படுத்துவது, லேபிள் ஒட்டுவது, பாதுகாப்புத் தரவுத் தாள் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 2000ஆம் ஆண்டு விதிமுறைகள் முதலாளிக்கு. பதிவேடு வைப்பது, ஆபத்தை மதிப்பிடுவது, வேலையாட்களுக்குப் பயிற்சி கொடுப்பது இவர் தலையில். களைக்கொல்லி, பூச்சிக்கொல்லிப் பதிவுக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. யார் கடமை எது என்பதை மாற்றி எழுதினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

அப்புறம் லேபிளில் வரும் அபாயப் படங்கள். சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரங்கள் ஒன்பது. புத்தகத்தில் பார்த்துப் படித்தபோது எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஸ்டோருக்குள் போய் ரசாயனம் வரும் தோம்புகளை (பீப்பாய்களை) ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் பதிந்தது. லேபிளில் மலாயில் 'பஹாயா' என்று இருந்தால் கடுமையான அபாயம், 'அமாரான்' என்றால் அதற்கு ஒரு படி கீழே. அபாயத்தைக் குறிக்கும் எண்களில் எச் 2 என்று தொடங்குபவை தீப்பிடிப்பது, வெடிப்பது போன்றவை. எச் 3 உடம்புக்கு, எச் 4 சுற்றுச்சூழலுக்கு. தரவுத் தாளில் 16 பகுதிகள் உண்டு. வேலைத்தளத்தில் அடிக்கடி தேவைப்படுவது 2, 4, 8 ஆகியவைதான்: என்ன அபாயம், பட்டுவிட்டால் முதலுதவி என்ன, எந்தக் கையுறை, எந்த முகக்கவசம்.

தோலைக் கடுமையாகச் சுட்டுவிடும் என்பதற்கான எச் 314 எனக்கு மறக்கவே மறக்காது. நான் சின்னப் பையனாக இருந்தபோது பக்கத்து வீட்டு மாமா, ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தைத் தண்ணீர் என்று நினைத்துக் கை கழுவ ஊற்றிக்கொண்டார். யாரோ மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றி வைத்திருந்தார்கள். நிறமே இல்லாத திரவம், போத்தலிலும் ஒரு எழுத்து இல்லை. குழாயடிக்கு ஓடுவதற்குள் புறங்கை கொப்பளித்துவிட்டது. வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் அதிலும் லேபிள் வேண்டும் என்ற வரியைப் படித்தபோது அந்தக் கைதான் கண்முன் வந்தது.

ஆனால் இந்தப் பாடத்தை எனக்கு உண்மையில் புரிய வைத்தது அம்மாதான். அம்மா 20 வருடத்துக்கும் மேல் களைக்கொல்லி அடித்தவர். ஒருநாள் இரவு குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியின் தரவுத் தாளை மேசையில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்த ஒரு படத்தில், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல இருக்கும் மனித உருவத்தின் மேல் அம்மா விரலை வைத்து, "இந்த ஆளுக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்.

பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம் என்று பக்கத்தில் எழுதியிருந்ததைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாங்க மருந்துன்னுதானே சொல்லிட்டிருந்தோம்" என்றார்.

மலாயில் களைக்கொல்லியை 'ராச்சுன்', அதாவது விஷம், என்கிறார்கள். நாம் மருந்து என்கிறோம், மருந்து அடிக்கப் போகிறேன் என்கிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து. லேபிளில் மலாயும் ஆங்கிலமும் சரியாகவே இருந்தும், பம்பைத் தோளில் மாட்டிய அம்மாவிடம் அந்த அபாயம் வந்து சேரவில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிகூட மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்படும்வரை எங்கள் பேச்சில் மருந்துதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பகுதியையும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். எனக்கே சரியாகப் புரியாத இடத்தில்தான் அவர் தடுமாறினார். உடனே புத்தகத்தைத் திறந்து பார்ப்பேன். குறிப்பெடுத்துப் படித்ததைவிட இதில் இரண்டு மடங்கு நின்றது. உங்கள் வீட்டிலும் அந்த வேலை செய்தவர் ஒருவர் இருப்பார், அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

வேலையாட்களுக்கு அபாயத்தை எப்படித் தெரியப்படுத்துவீர்கள் என்ற கேள்வி தேர்வில் வந்தது. பெரட்டில் (காலையில் வேலைக்கு முன் எல்லாரும் கூடும் இடத்தில்) அவர்கள் பேசும் மொழியில், அன்று கலக்கப்போகும் தோம்பையே முன்னால் வைத்து விளக்குவேன், திருப்பிச் சொல்லக் கேட்பேன், யார் யார் வந்தார்கள் என்று பதிந்து வைப்பேன், வேலையோ ரசாயனமோ மாறினால் மறுபடியும் சொல்வேன் என்று எழுதினேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது பயிற்சியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தேன்.

அதற்கு முன்பே எங்கள் பெரட்டில் இதைச் செய்து பார்த்திருந்தேன். அம்மாவின் வேலைக் கூட்டத்தில் புதிதாகக் கல்யாணமான பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். முதல் நாள் அந்தப் படத்தைக் காட்டி அவர்களுக்குச் சொன்னது நான் இல்லை, அம்மா.