வயர்மேன் தேர்வில் நியூட்ரல் கணக்கு: மதிப்பெண் எங்கே போகிறது?

மலேசியாவின் பகாவ் பக்கம் வயர்மேன் (மின்கம்பி வேலை செய்பவர்) தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் பகல் வேலை முடிந்து இரவில் கைப்பேசிக் காணொளியை நம்பியே படிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அவற்றில் பல அமெரிக்கக் காணொளிகள். அங்கே வீட்டுக்கு 120/240 வோல்ட். மின் அடுப்பு, துணி உலர்த்தி போன்றவற்றின் மின்னோட்டத்தில் பெரும்பகுதி, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பியான நியூட்ரலுக்கு வராது. அதனால் நியூட்ரலுக்கு அவற்றின் சுமையில் 70 விழுக்காடு கணக்கிட்டால் போதும் என்று அவர்கள் விதி சொல்கிறது. நமக்கோ ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் நடுவில்தான் 230 வோல்ட். சிங்கிள் ஃபேஸ் வீட்டில் 40 ஆம்பியர் போனால் அதே 40 நியூட்ரலில் திரும்பும். ஃபேஸ் 16 சதுர மி.மீ. என்றால் நியூட்ரலும் 16. கேள்வியை எப்படிச் சுற்றி வளைத்தாலும் இதுதான் விடை.

வோல்டேஜ் டிராப் (கம்பியின் நீளத்தில் இழக்கும் வோல்டேஜ்) கணக்கில் இன்னொரு பொறி உண்டு. 16 சதுர மி.மீ. பிவிசி கேபிளுக்கு அட்டவணை 2.8 mV/A/m (ஓர் ஆம்பியருக்கு, ஒரு மீட்டருக்கு இத்தனை மில்லிவோல்ட்) என்று தரும். போக, வர இரண்டு கம்பியும் அதிலேயே அடக்கம். 40 ஆம்பியர், 20 மீட்டருக்கு 2.24 வோல்ட். நியூட்ரலுக்காக அதை இரட்டிப்பாக்கினால் விடை தப்பு.

த்ரீ ஃபேஸில்தான் யோசிக்க வேண்டும். ஃபேஸ்களில் 40, 30, 20 ஆம்பியர் என்றால் மூன்றையும் கூட்டாதீர்கள். வர்க்கங்களின் கூட்டல் 2900, இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் 2600, கழித்தால் 300, அதன் வர்க்கமூலம் 17.3 ஆம்பியர். இதைப் பார்த்ததும் நியூட்ரலைச் சின்னதாகப் போடலாம் என்று தோன்றும். போடக்கூடாது. ஒரு ஃபேஸ் மட்டும் ஓடும் நேரத்தில் அதன் முழுச் சுமையும் நியூட்ரலில்தான். ஐஇசி 60364 என்ற பன்னாட்டு மின்விதிப்படி செம்புக் கம்பி 16 சதுர மி.மீ. வரை நியூட்ரல் ஃபேஸுக்குச் சமம். அதற்கு மேல் குறைக்கவும் சுமை சமமாக இருக்க வேண்டும், மூன்றாம் ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸின் மும்மடங்கான 150 ஹெர்ட்ஸ் மின்னோட்டம்) 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, நியூட்ரலுக்கு ஓவர்கரண்ட் (மிகை மின்னோட்ட) பாதுகாப்பு வேண்டும். அப்போதும் 16க்குக் கீழே இறங்க முடியாது. வீட்டு வேலையில் குறைக்கும் பேச்சே வேண்டாம்.

ஹார்மோனிக் கேள்வி வந்தால் பயப்பட வேண்டாம். எல்இடி டிரைவர், கணினி போன்றவற்றின் 150 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் மூன்று ஃபேஸிலிருந்தும் நியூட்ரலில் கூடிவிடும், ஒன்றையொன்று கழிக்காது. ஃபேஸுக்கு 36 ஆம்பியர், மூன்றாம் ஹார்மோனிக் 40 விழுக்காடு என்றால் நியூட்ரலில் 36 × 0.4 × 3 = 43.2. நான்கு கோர் கேபிளுக்கான குறைப்புக் காரணி 0.86ஆல் வகுத்தால் 50.2 ஆம்பியர். சுவரில் பொருத்திய 6 சதுர மி.மீ. பிவிசி கேபிள் 41 ஆம்பியர்தான் தாங்கும். ஆக 10 சதுர மி.மீ. போட வேண்டும்.

கம்பியின் அளவு சரியாக இருந்தும் முனை தளர்ந்தால் சேதம் பெரிது. மெயின் நியூட்ரல் விட்டுப்போனால், ஒரு ஃபேஸில் உள்ள 2000 வாட் ஹீட்டரும் மற்றொன்றில் உள்ள 100 வாட் சாதனமும் 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராகிவிடும். சின்ன சாதனத்துக்கு ஏறத்தாழ 380 வோல்ட் போகும், எரிந்துவிடும். நியூட்ரலில் தனி ஃபியூஸ் போடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

செய்முறையில் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு நியூட்ரல் முனையையும் முறுக்கி, இழுத்துப் பாருங்கள். குளியலறை ஹீட்டரின் 10 mA ஆர்சிசிபியின் (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச்) நியூட்ரலைப் பொது நியூட்ரல் பாரில் மாட்டினால் ஹீட்டரைப் போட்டதும் டிரிப் ஆகும். பிறகு எம்சிபிகளை (ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ள தானியங்கிச் சுவிட்ச்) ஆஃபில் வைத்து மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு அளந்து பாருங்கள். இரண்டில் 400 காட்டினால் நியூட்ரலும் ஒரு ஃபேஸும் இடம் மாறியிருக்கின்றன. முனை தளர்ந்திருந்தால் மட்டும் இந்த அளவீடு காட்டிக்கொடுக்காது. சுமை இல்லாதபோது மீட்டர் 230 என்றே காட்டும்.