பால் சேரவில்லையா? பரிசோதனைக்குப் போகுமுன்

"வெறும் வயிற்றில் வந்தால் போதும்" என்றுதான், பால் செரிக்கிறதா என்று பார்க்கும் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனைக்கு முன்பதிவு செய்தபோது சொன்னார்கள். திருநெல்வேலியிலிருந்து விடிவதற்குள் பஸ் ஏறி, மதுரையில் பணம் கட்டி, டோக்கனோடு காத்திருந்த பிறகுதான் கருவியருகே இருந்த பெண் கேட்டார்: "சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஏதும் சாப்பிட்டீர்களா சார்?" பல்வலிக்குச் சாப்பிட்டிருந்தேன். "அப்படியானால் நான்கு வாரம் கழித்து வாருங்கள்." கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க வேறொரு வரிசை.

அந்தப் பெண் சொன்னது நியாயம்தான். சிறுகுடலில் லாக்டேஸ் நொதி குறைந்தால், பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை உடையாமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைக்க, ஹைட்ரஜன் உண்டாகி, இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறுகிறது. மருந்து அந்தப் பாக்டீரியாக்களைக் குறைத்திருந்தால் கருவி ஏமாந்துவிடும். இதை முன்பதிவின்போதே கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? முந்தைய நாள் பயறு, கீரை வேண்டாம், காலையில் புகை கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

இதற்கு முன்பே ஓர் ஆய்வகம் பால் ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்து, "பாலால் உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பியிருந்தது. ஒவ்வாமை என்பது பால் புரதத்தின் மீது உடலின் எதிர்ப்பு. என் தொல்லையோ நொதிப் பற்றாக்குறை. வீண் செலவு.

மறுமுறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. லாக்டோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அரைமணிக்கு ஒருமுறை குழாயில் ஊத வேண்டும். மூச்சிலுள்ள ஹைட்ரஜன் தொடக்க அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினாலே குறைபாடு என்கிறார்கள். எனக்கு அதைத் தாண்டி எகிறியது. வயிறு உருண்ட சத்தம் பக்கத்து நாற்காலிக்காரருக்கே கேட்டிருக்கும். எனக்கோ ஒரே நிம்மதி, இத்தனை நாள் "எல்லாம் மனப்பிரமை" என்றவர்களிடம் காட்ட ஒரு தாள் கிடைத்ததே!

அம்மாதான் நம்பவில்லை. "சின்ன வயதில் சொம்பு சொம்பாகக் குடித்தவனாயிற்றே!" குழந்தைப் பருவம் தாண்டியதும் லாக்டேஸ் குறைவது உலகில் பெரும்பாலோருக்கு இயல்பு என்று மருத்துவர் விளக்கினார். கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகும் தற்காலிகமாகக் குறையலாம். அப்படி வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆட்டுப்பால், நாட்டுமாட்டுப் பால் என்று யோசனை சொல்பவர்களை நம்பிக் காசைக் கரியாக்காதீர்கள். அவற்றிலும் லாக்டோஸ் உண்டு. தயிர் எனக்கு ஒத்துக்கொள்கிறது, நெய்யும் அப்படியே. சிறிய டம்ளர் காபி தாங்குகிறது. பாலைச் சுண்டக் காய்ச்சும் பால்கோவாதான் வில்லன். லாக்டேஸ் மாத்திரையை முதல் வாய்க்கு முன்பே போட்டுவிடுங்கள். வயிறு உப்பிய பிறகு போட்டுப் பயனில்லை.