கொலை என்று எழுதாத கோப்புகள்

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் நண்பர் ஒருவர், கொல்லச் சொல்லிக் கையெழுத்திட்ட ஆணை கிடைக்காவிட்டால் இனப்படுகொலையை எப்படி நிரூபிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1948ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைப்படி, ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். இறந்தோர் எண்ணிக்கை மட்டும் போதாது.

ஆனால் அரசுகள் எழுதாமல் இருப்பதில்லை. (ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு காத்திருந்த எவருக்கும் இது தெரியும்.) 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் புறநகர்ப் பகுதியான வான்சேயில் நாஜி அதிகாரிகள் 15 பேர் கூடிய கூட்டத்தின் குறிப்பு, ஜெர்மனி கைப்பற்றியே இராத இங்கிலாந்தையும் அயர்லாந்தையும்கூடச் சேர்த்து, 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை நாடுவாரியாகப் பட்டியலிடுகிறது. கடும் உழைப்பில் சாகாமல் எஞ்சுவோரிலிருந்து அந்த இனம் மீண்டும் தழைத்துவிடக் கூடும் என்பதால் அவர்களை அதற்கேற்ப நடத்த வேண்டும் என்றும் அதில் உள்ளது. கொலை என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

எல்லா ஆவணமும் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. போஸ்னியாவில் உள்ள ஸ்ரெப்ரெனிட்சா மக்களுக்கு உயிர்பிழைக்கும் நம்பிக்கையே இல்லாத நிலையை உருவாக்குமாறு 1995 மார்ச்சில் போஸ்னிய செர்பியர்களின் தலைவர் கராட்சிச் பிறப்பித்த ஏழாம் ஆணையை மட்டும் வைத்து யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான ஐ.நா. தீர்ப்பாயத்தின் நீதிபதிகள் முடிவுக்கு வரவில்லை. அந்த ஜூலையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட விதத்தையும் சேர்த்தே எடைபோட்டார்கள். தாளே கிடைக்காத நிலையிலும், செயல்களின் போக்கிலிருந்து நோக்கத்தை உய்த்துணரலாம் என்று ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயம் 1998இல் அகாயேசு என்பவரின் வழக்கில் ஏற்றுக்கொண்டதை நண்பருக்குச் சொன்னேன்.