காப்பி வறுக்கும் உருளையில் தெர்மோகப்பிளுக்கு இடம் தேடிய அனுபவம்

ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்த பீபெரிப் (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) பச்சைக் கொட்டையில் 250 கிராமை, எரிவாயுவில் சூடேறும், அரைக் கிலோ பிடிக்கும் என் வறுப்பு உருளையில் முதன்முதலாக வறுத்த அன்று, கொட்டைகள் படபடவென்று வெடிக்கத் தொடங்கியபோது வெப்பத்தை அளக்கும் உணரியான தெர்மோகப்பிளின் திரையில் 221 டிகிரி என்று இருந்தது. அரபிகாவின் முதல் வெடிப்பு பெரும்பாலும் 195-க்கும் 205-க்கும் இடையில் கேட்கும். அதோடு, குளிர்ந்த கொட்டையைக் கொட்டியவுடன் நன்றாகச் சரிந்து 100 டிகிரிக்குக் கீழே போய்த் திரும்ப வேண்டிய அளவு, 150-லேயே திரும்பிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும், நான் கொட்டையின் வெப்பத்தை அல்ல, உருளைக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தையே பெரும்பாலும் படித்துக்கொண்டிருந்தேன் என்பது தெளிவாயிற்று.

உணரியைச் செருக இயந்திரத்தோடு வந்த துளை, முகப்புத் தகட்டின் நடுவில், சற்று வலப்பக்கமாக இருந்தது. எதிரே நின்று பார்த்தால் என் உருளை கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. ஆகவே கொட்டைகள் இடப்பக்கச் சுவரோடு மேலே தூக்கப்பட்டு, அங்கிருந்து உருண்டு விழுகின்றன. குவியல் எப்போதும் இடப்பக்கத்தின் கீழ்ப்பகுதியில்தான் நிற்கிறது. நடுவில் இருக்கும் முனையில் கொட்டைகள் அவ்வப்போது தெறித்துப் படுமே தவிர, அதை மூடி நிற்பதில்லை.

புதுத் துளையை ஊகத்தில் போட மனம் வரவில்லை. முகப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, அதே அளவில் வெட்டி வாங்கிய அக்ரிலிக் தகட்டைப் பொருத்தி, அடுப்பைப் பற்றவைக்காமல் மோட்டாரை மட்டும் ஓடவிட்டேன். 200, 300, 400 கிராம் என்று ஒவ்வோர் அளவிலும் குவியலின் எல்லையை ஸ்கெட்ச் பேனாவால் தகட்டின் மேலேயே வரைந்தேன். 400 கிராமுக்கு அகலமாக இருந்த பிறைவடிவம், 200 கிராமில் சுவரை ஒட்டிய ஒடுங்கிய பட்டையாகச் சுருங்கியது. மூன்று கோடுகளுக்குள்ளும் அடங்கிய இடம், கடிகாரத்தில் ஏழரை மணி முள் நிற்கும் திசையில், ஏறக்குறைய இரண்டு விரல் அகலமே இருந்தது. இந்தப் பணியில் நான் செலவிட்ட மிகப் பயனுள்ள மாலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் புள்ளியைத் தகட்டுக்கு மாற்றி, கோவையில் கணபதி பக்கம் உள்ள ஒரு லேத் பட்டறையில் துளையிட்டு வாங்கினேன். பழைய 6 மில்லிமீட்டர் உணரிக்குப் பதிலாக 3 மில்லிமீட்டர் கே வகைத் தெர்மோகப்பிளைப் பொருத்தினேன்; உணரியைச் சுற்றியுள்ள தடித்த உலோக உறை சூடேறவே நேரம் எடுத்துக்கொள்வதால், ஏறும் வெப்பத்தைப் பின்தங்கியே காட்டும். உறையின் விட்டத்தைப்போல் பத்து மடங்காவது கொட்டைக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கில் 40 மில்லிமீட்டர் உள்ளே விட்டேன்; அதற்குக் குறைந்தால் முகப்புத் தகட்டின் வெப்பம் உறை வழியாக முனைவரை வந்து கலந்துவிடும். மோட்டாரைப் போடுவதற்கு முன் உருளையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, உள்ளே கொட்டையைக் கிளறும் துடுப்புகள் எதுவும் முனையில் உரசவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதைத் தவறவிட்டால் உணரி வளைந்து போகும்.

இடம் சரியான பிறகும் ஒரு குழப்பம் நீடித்தது. முதல் வறுவலில் 198-ல் கேட்ட வெடிப்பு, அடுத்ததில் 189-லும், மூன்றாவதில் 182-லும் கேட்டது. உணரியின் கம்பி எட்டாததால் நான் சாதாரணச் செம்புக் கம்பியைக் கொண்டு நீட்டியிருந்ததே காரணம். தெர்மோகப்பிள் அளப்பது முனைக்கும் மறு இணைப்புக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை. செம்பு தொடங்கும் இடமே அந்த மறு இணைப்பாகிவிடுகிறது. அந்த முடிச்சு வறுப்பானின் ஓரமாக இருந்து, வறுவலுக்கு வறுவல் சூடேறியது. உணரியின் அளவைப் படித்துத் திரையில் காட்டும் அளவிப் பலகையோ தன் இருப்பிடத்தின் வெப்பத்தையே அதற்குரியதாக எண்ணிக் கூட்டியது. கே வகைக்கே உரிய நீட்டுக் கம்பியை மாற்றி, பலகையை வெப்பம் எட்டாத தொலைவுக்குக் கொண்டுபோனதும் இந்தச் சரிவு நின்றது.

காற்று வெப்பத்துக்கான இரண்டாவது உணரியை, புகை வெளியேறும் வாய்க்குச் சற்று முன்னால், வலப்பக்க மேற்பகுதியில், உலோகத்தைத் தொடாமல் நிறுத்தினேன். அங்கே சிக்கல் எதுவும் எழவில்லை. இரண்டையும் ஐஸ் தண்ணீரிலும் கொதிநீரிலும் சோதித்தேன். கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோவையில் தண்ணீர் 98.6 டிகிரி அளவிலேயே கொதிக்கும் என்பதை நினைவில் வைக்காமல், 100 வரவில்லையே என்று திருத்தம் போட்டால் பிழைதான் சேரும்.

இப்போது 250 கிராமிலும் 400 கிராமிலும் முதல் வெடிப்பு 200-க்கும் 202-க்கும் இடையில் கேட்கிறது. கொட்டியவுடன் அளவு 90-ஐ ஒட்டித் திரும்புகிறது. பத்து வறுவலுக்கு ஒருமுறை முகப்பைக் கழற்றி, முனையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் உமியையும் துடைத்துவிடுகிறேன். 150 கிராமை மட்டும் இந்த உருளையில் போடுவதில்லை. அக்ரிலிக் தகட்டை மறுபடி மாட்டிப் பார்த்தபோது, அந்த அளவில் குவியல் என் புள்ளிக்குக் கீழே நழுவி, முனை மீண்டும் காற்றில் நின்றது.